பழைய ஸ்கூட்டர் என்ஜின் கேசிங்குக்குப் பெயிண்ட் அடிக்கும்போது செய்யும் தவறுகள்

பழைய வெஸ்பாவையோ லாம்ப்ரெட்டாவையோ புதுப்பிக்க இறங்குகிறவர்கள் பாடிக்குக் காட்டும் பொறுமையில் பாதியைக்கூட என்ஜினை மூடியிருக்கும் அலுமினியக் கூடான கேசிங்குக்குக் காட்டுவதில்லை. ஒரு சில்வர் ஸ்ப்ரே டப்பா, ஒரு சாயங்காலம், அவ்வளவுதான் கணக்கு. பேரிங் உட்காருவது, கியர் ஆயில் நிற்பது, கரன்ட் எர்த் ஆவது எல்லாம் அந்தக் கேசிங்கில்தான். பாடியில் பெயிண்ட் சொதப்பினால் பார்க்க அசிங்கமாக இருக்கும். இங்கே சொதப்பினால் வண்டி ஓடாது.

பழைய பெயிண்ட் ஏன் உரிந்தது என்று பார்க்காமலே புதுசு அடிப்பது முதல் தவறு. பெரும்பாலும் எங்கோ ஒரு ஆயில் சீலோ பேக்கிங்கோ கசிந்துகொண்டிருக்கும். அதைச் சரிசெய்யாவிட்டால் புது பெயிண்டும் அதே இடத்தில் உரியும்.

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்ததும் சுத்தமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். வார்ப்பு அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. பல வருட ஆயில் அதற்குள் ஊறிப்போயிருக்கும். கழுவிய கேசிங்கை ஹீட் கன்னால் மெதுவாகச் சூடாக்கிப் பாருங்கள், புள்ளி புள்ளியாக எண்ணெய் வியர்க்கும். துடைத்து, திரும்பச் சூடாக்கி, தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியில் கறை ஏறாத வரைக்கும் விடக்கூடாது. சீக்கிரம் முடியட்டும் என்று காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவது வேண்டவே வேண்டாம், அது அலுமினியத்தையே அரிக்கும். சாதாரண இரும்பு பிரஷ்ஷும் கூடாது. அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து பிறகு துருப்புள்ளியாகத் தலைகாட்டும்.

அடுத்தது பிளாஸ்டிங், அதாவது துகள்களைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிப் பழைய பெயிண்டையும் அழுக்கையும் உரிப்பது. ரோட்டரி வால்வு உள்ள வெஸ்பா என்ஜின்களில் கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல்-காற்றுக் கலவை கேசிங்கில் உள்ள ஒரு துவாரம் வழியாக உள்ளே போகிறது. அதைத் திறந்து மூடுவது கிராங்க்கின் விளிம்பு. நடுவில் பேக்கிங் கிடையாது, சீல் கிடையாது. கிராங்க்குக்கும் கேசிங் பரப்புக்கும் இடையே மயிரிழை இடைவெளிதான் அடைப்பே. அந்தப் பரப்பில் பிளாஸ்டிங் துகள் பட்டுச் சொரசொரப்பானால் கலவை கார்புரேட்டர் பக்கம் திரும்பி வீசும், ஸ்டார்ட்டிங் கெடும், ஐடில் நிற்காது. வெளியே பளபளவென்று வந்த கேசிங் உள்ளே கெட்டுப்போயிருக்கும். அதனால் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்கும் முன் உட்பக்கம் முழுவதையும் தகடோ ரப்பரோ வைத்து அடைத்துக் கொடுங்கள். முடிந்து வந்த பிறகு சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, ஆயில் போகும் வழி, ஸ்டட் துளை ஒவ்வொன்றிலும் காற்றடியுங்கள். உள்ளே தங்கும் ஒரு சிட்டிகைத் துகள் போதும், புது பேரிங்கைத் தின்றுவிடும். இன்னொன்று, சாதாரண மணலை வைத்து பிளாஸ்டிங் செய்யவே கூடாது; சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

பெயிண்ட் படக்கூடாத இடங்களை டேப்பால் மறைக்கும் மாஸ்கிங்கில் சோம்பேறித்தனம் படுகிறவர்கள்தான் அதிகம். கேசிங்கின் இரண்டு பாதிகளும் சேரும் முகத்தில் பெயிண்ட் இருந்தால் அது நாளடைவில் நசுங்கி, பேக்கிங் ஓரமாகக் காற்று நுழையும். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் அறைக்குள் வெளிக்காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும், கடைசியில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிச் சீஸ் ஆகும். நட்டும் வாஷரும் உட்காரும் வட்டமும் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். அங்கே பெயிண்ட் இருந்தால் இறுக்கிய நட் தானாகத் தளரும். எர்த் ஒயர் சேரும் இடத்தை மறந்தால் ஸ்பார்க் வராமல் காயிலையும் பிளக்கையும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். மரைகளில் பழைய போல்ட்டை முடுக்கி வைத்தால் போதும். கியர் ஆயில் அறையின் மூச்சுத்துளையைப் பலர் கவனிப்பதே இல்லை. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீலைத் தாண்டி, பின் பிரேக் ஷூவில் போய் இறங்கும்.

சரி, எந்த பெயிண்ட்? என்ஜின்தானே என்று சைலன்சருக்கு அடிக்கும் ஹீட் ப்ரூஃப் பெயிண்டை வாங்குவார்கள். அந்த வகை பெரும்பாலும் 200 டிகிரி வாக்கில் சூடேறினால்தான் முழுமையாக இறுகும். கேசிங் அவ்வளவு சூடாகாது. அரைகுறையாகக் காய்ந்து நிற்கும் பெயிண்ட், கார்புரேட்டரிலிருந்து ஒரு சொட்டு பெட்ரோல் விழுந்தாலே கரைந்துவிடும். சாதாரண ஸ்ப்ரே டப்பா பெயிண்டுக்கும் இதே கதி. ஹார்டனர் கலக்கும் டூ-கே பெயிண்ட்தான் பெட்ரோலைத் தாங்கும். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, துணி மாஸ்க் கட்டிக்கொண்டு வீட்டில் அடிக்கிற சமாச்சாரம் இல்லை. வெளிக்காற்று வரும் மாஸ்க் வைத்திருக்கும் பெயிண்டரிடம் கொடுத்துவிடுங்கள். அலுமினியத்துக்கு எட்ச் பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ கட்டாயம் வேண்டும், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்க வேண்டாம்.

வெறும் அலுமினியம் அழகாக இருக்கிறதே என்று மேலே நிறமில்லாத கிளியர் கோட் அடிப்பதும் எனக்குப் பிடிக்காத வேலை. ஒரு சிராய்ப்பு வழியாக ஈரம் புகுந்தால் அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளை அரிப்பு ஓடும். அதற்குக் கிளியரே இல்லாமல் விடலாம், அப்பப்போ துடைத்தால் போதும்.

பெயிண்ட் பொடியைத் தூவிச் சூளையில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்தால் அங்கேயும் 200 டிகிரி வாக்கில் சூளை, எனவே சீல், பேரிங் எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். பழைய வார்ப்பில் சிக்கிய காற்றும் எண்ணெயும் சூட்டில் வெளியேறிக் கொப்புளம் கிளப்பும். கோட்டிங்குக்கு முன்பே ஒருமுறை வெறுமனே சுடச் சொல்லிக் கேளுங்கள். சிலிண்டரைக் குளிர்விக்கும் ஃபின்களில் பவுடர் வேண்டாம், தடிமனாக உட்கார்ந்து சூட்டைப் பிடித்து வைக்கும்.

என்ஜின் நம்பர் குத்தியிருக்கும் இடத்தில் தேய்ப்பதோ பட்டி வைப்பதோ கூடாது. நம்பர் படிக்க முடியாமல் போனால் வண்டியைப் பதிவு செய்யும்போதும் விற்கும்போதும் சிக்கல். பெயிண்ட் அடிக்கும் முன் அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.