அமெரிக்கச் சிறையிலிருந்து ஊர் திரும்பியவர் தன் சிவில் வழக்கைத் திருகோணமலையிலிருந்து நடத்துவது எப்படி: விசாரணைக்கு முந்திய திகதிகள் பற்றிய வழிகாட்டி

அமெரிக்கச் சிறையொன்றில் தண்டனையை முடித்து, அதன்பின் நாடு கடத்தப்பட்டு ஊர் திரும்பிய ஒருவர், சிறையில் தனக்கு நேர்ந்த காயத்துக்காகவோ மறுக்கப்பட்ட மருத்துவத்துக்காகவோ அங்குள்ள சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை, இனி உவர்மலையிலோ மூதூரிலோ இருந்துகொண்டு, பெரும்பாலும் சட்டத்தரணி இல்லாமலே, தொடர வேண்டியிருக்கலாம். மாநிலச் சிறை அதிகாரிகளுக்கு எதிரான இத்தகைய வழக்குகள் 1871ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த, அமெரிக்கச் சட்டக்கோவையின் 1983 என்ற இலக்கப் பிரிவின் கீழ் தொடுக்கப்படுகின்றன. வழக்காளி வெளிநாட்டில் இருப்பதால் மட்டும் வழக்கு முடிந்துவிடுவதில்லை. ஆனால் ஒரு திகதியைத் தவறவிட்டால், உண்மை முழுவதும் அவர் பக்கம் இருந்தாலும் வழக்கு முடிந்துவிடக்கூடும். அதனால்தான் இந்த வழிகாட்டியைத் திகதிகளைச் சுற்றியே எழுதுகிறேன்.

நம் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் பேசியவர்களுக்கு, ஒரு தவணையில் ஆஜராகி அடுத்த தவணையைக் குறித்துக்கொண்டு வீடு திரும்பும் பழக்கம் இருக்கும். அமெரிக்க சமஷ்டி நீதிமன்றத்தில், வழக்கின் தொடக்கத்திலேயே நீதிபதி கால அட்டவணைக் கட்டளை ஒன்றைப் பிறப்பித்து, பல மாதங்களுக்குரிய கடைசித் திகதிகளை ஒரே தாளில் நிர்ணயித்துவிடுவார். அதற்குப் பிறகு யாரும் அழைத்து நினைவூட்டமாட்டார்கள். சமஷ்டி சிவில் நடைமுறை விதிகளில் 16ஆம் விதியின்படி, எதிராளி ஒருவருக்கு அழைப்பாணை சேர்ந்து 90 நாட்கள், அல்லது எதிராளி ஒருவர் முன்னிலையாகி 60 நாட்கள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் இந்தக் கட்டளை வர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மட்டுமே தாமதிக்கலாம். சில வகை வழக்குகளுக்கு அந்தந்த நீதிமன்றம் தன் உள்ளூர் விதியால் விலக்கு அளிக்கலாம் என்பதால், சொந்த நீதிமன்றத்தின் உள்ளூர் விதிகளையும் இணையத்தில் எடுத்து வாசிப்பது அவசியம்.

முகவரியே முதல் வேலை. வழக்கின் பெயர், வழக்கிலக்கம், பழைய முகவரி, புதிய முகவரி, தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, நீதிமன்றப் பதிவாளருக்கும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கும் அனுப்ப வேண்டும். திருகோணமலையின் 31000 என்ற தபால் குறியீட்டையும் நாட்டின் பெயரையும் தவறாமல் எழுத வேண்டும். பிரதியை எந்த நாளில், யாருக்கு, எவ்வழியில் அனுப்பினோம் என்ற கையொப்பமிட்ட குறிப்பைக் கடைசியில் சேர்க்க வேண்டும். நீதிமன்றத்தின் கடிதம் பழைய சிறைச்சாலைக்குப் போய்த் திரும்பினால், வழக்காளி வழக்கைக் கைவிட்டுவிட்டார் என்று கருதி 41ஆம் விதியின் கீழ் அதைத் தள்ளுபடி செய்ய வழி பிறக்கிறது. அவ்வாறான தள்ளுபடி, நீதிபதி வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால், இறுதித் தீர்ப்புக்குச் சமமானது.

விடுதலைக்குப் பின் ஒரு சலுகை இல்லாமல் போகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். சிறையில் இருக்கும் ஒருவர் தன் ஆவணத்தைச் சிறை அதிகாரியிடம் தபாலுக்குக் கொடுத்த நாளையே தாக்கல் செய்த நாளாகக் கொள்ளும் விதியை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1988இல் வகுத்தது. சிறைக்கு வெளியே வந்தவருக்கு அது பொருந்தாது. தாள் பதிவாளரின் கையை அடைந்த நாளே கணக்கு. அதே வேளை எதிர்த்தரப்பு நமக்கு ஒரு மனுவைத் தபாலில் அனுப்பினால், தபாலில் இட்ட கணத்திலேயே அது ஒப்படைக்கப்பட்டதாகிவிடும். அதற்காக நமக்குக் கிடைப்பது 3 மேலதிக நாட்கள் மட்டுமே. கடல் கடந்து கொழும்பு வந்து அங்கிருந்து திருகோணமலைக்கு வரும் கடிதத்துக்கு அந்த 3 நாட்கள் எந்த வகையிலும் போதாது.

ஆகவே முகவரி அறிவித்தலுடன் சேர்த்தே இரண்டு ஏற்பாடுகளைக் கேட்க வேண்டும். ஒன்று, மின்னணு முறையில் தாக்கல் செய்யும் அனுமதி: சட்டத்தரணி இல்லாதவர் நீதிமன்றக் கட்டளையோ உள்ளூர் விதியோ அனுமதித்தால் மட்டுமே அவ்வாறு செய்யலாம் என்பதால், வெளிநாட்டில் வாழ்வதைக் காரணம் காட்டிச் சிறு மனு ஒன்றைத் தாக்கல் செய்ய வேண்டும். மற்றது, ஆவணங்களை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளச் சம்மதம் என எதிர்த்தரப்புக்கு எழுத்தில் தெரிவிப்பது. வழக்கேட்டைப் பார்ப்பதற்குப் பேசர் (PACER) என்ற நீதிமன்ற இணையத்தளம் உண்டு. அதில் பக்கத்துக்கு 10 சதம், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டொலர் கட்டணம் என்றாலும், மூன்று மாதக் காலாண்டில் 30 டொலருக்கு மேற்படாவிட்டால் எதுவும் அறவிடமாட்டார்கள். வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி வழக்கேட்டைப் பார்ப்பவருக்கு எதிர்பாராத கட்டளை என்று ஒன்று வராது.

கால அட்டவணைக் கட்டளைக்கு முன்னர் இரு தரப்பும் கலந்து பேசித் திட்டமொன்றைத் தயாரிக்க வேண்டும் என 26ஆம் விதி கூறுகிறது. நீதிபதியுடனான அட்டவணை மாநாட்டுக்கோ கட்டளைக்குரிய கடைசி நாளுக்கோ குறைந்தது 21 நாட்கள் முன்னதாக அந்தப் பேச்சு நடக்க வேண்டும். அதன்பின் 14 நாட்களுக்குள் கூட்டறிக்கை தாக்கலாக வேண்டும். சாட்சிகளின் பெயர்கள், ஆவணங்கள், கோரும் இழப்பீட்டின் கணக்கு ஆகியவற்றைக் கேட்காமலே பரிமாறும் கடமையும் அதே 14 நாட்களில் வருகிறது. காவலில் இருந்தபடி சட்டத்தரணியின்றி ஒருவர் தொடுத்த வழக்குக்கு இந்தப் பேச்சிலிருந்தும் பரிமாற்றத்திலிருந்தும் விலக்கு உண்டு. விடுதலைக்குப் பின் தொடுத்த வழக்குக்கு அது இல்லை. சிறையில் இருந்தபோது தொடுத்துவிட்டு இப்போது வெளியே இருப்பவர், தன் வழக்கில் எது பொருந்தும் என்று கட்டளையை வாசித்து உறுதிசெய்ய வேண்டும். அதில் தெளிவில்லாவிட்டால் நீதிபதியிடம் எழுத்தில் விளக்கம் கேட்கலாம்.

அந்தப் பேச்சைச் சம்பிரதாயமாகக் கருதிவிடக் கூடாது. இங்கிருந்து வழக்கு நடத்துபவருக்கு அதைவிடப் பயனுள்ள சந்தர்ப்பம் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. சிறைக் கமராப் பதிவுகளையும் மருத்துவக் கோப்பையும் அழியாமல் பாதுகாக்கும்படி அப்போதே கேட்க வேண்டும். வாக்குமூலம் காணொளி வழியாக எடுக்கப்பட வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், ஆவணங்கள் மின்னஞ்சலில் வர வேண்டும் என்பவற்றைக் கூட்டறிக்கையிலேயே சேர்த்துவிட்டால், பின்னர் ஒவ்வொன்றுக்கும் தனி மனு எழுதும் அலைச்சல் குறையும். தொலைபேசியில் பேசும்போது கூறப்பட்டதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட வேண்டும்.

கட்டளை கைக்கு வந்ததும் அதில் குறைந்தது நான்கு எல்லைத் திகதிகள் இருக்கும்: புதிய தரப்பினரைச் சேர்ப்பதற்கு, முறைப்பாட்டைத் திருத்துவதற்கு, சான்று திரட்டலை (இரு தரப்பும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஆவணங்களையும் பதில்களையும் கேட்டுப் பெறுவதை) முடிப்பதற்கு, மனுக்களைத் தாக்கல் செய்வதற்கு. முதல் இரண்டும் சீக்கிரமாகவே கடந்துவிடும் என்பதால் அவற்றில் கூடிய கவனம் வேண்டும். பெயர் தெரியாத காவலரை 'ஜோன் டோ' என்று குறிப்பிட்டு வழக்குத் தொடுத்திருந்தால், அவருடைய உண்மைப் பெயரை அன்றைய கடமைப் பட்டியலிலிருந்து பெற்று, திருத்தத்துக்குரிய திகதிக்கு முன்னரே முறைப்பாட்டில் சேர்க்க வேண்டும்.

நாட்களை எண்ணும் விதியையும் கற்றுக்கொள்ள வேண்டும். கட்டளை 'இத்தனை நாட்களுக்குள்' என்று கூறினால், நிகழ்வு நடந்த நாளை விட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். சனி, ஞாயிறும் எண்ணிக்கையில் சேரும். கடைசி நாள் மட்டும் வார இறுதியிலோ அமெரிக்க விடுமுறையிலோ விழுந்தால் அடுத்த வேலைநாளுக்குப் போகும். 2025 ஜூன் 20ஆம் திகதி நடந்த நிகழ்விலிருந்து எண்ணும் 14 நாட்கள் ஜூலை 4 வெள்ளிக்கிழமை முடிகின்றன. அது அமெரிக்க சுதந்திர தினம், மறுநாள் சனி, அதற்கடுத்தது ஞாயிறு, ஆகவே கடைசி நாள் ஜூலை 7 திங்கட்கிழமை. நம் போயா தினமும் தைப்பொங்கலும் இந்தக் கணக்கில் வராது. கட்டளை 'ஜூலை 5' என்று நேரடியாக ஒரு திகதியைக் குறித்திருந்தால் இந்தத் தள்ளிவைப்பை நம்பாமல் அதற்கு முன்னரே தாக்கல் செய்துவிட வேண்டும். மின்னணுத் தாக்கலுக்கு நீதிமன்றம் உள்ள இடத்தின் நள்ளிரவே எல்லை: நியூயோர்க்கின் நள்ளிரவு, அவர்களுடைய கோடையில் நமக்கு மறுநாள் காலை 9.30, குளிர்காலத்தில் 10.30.

சான்று திரட்டலில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. எதிர்த்தரப்புக்கு அனுப்பும் எழுத்து வினாக்களுக்கும் ஆவணக் கோரிக்கைகளுக்கும் பதிலளிக்க அவர்களுக்கு 30 நாட்கள் உண்டு. அந்த 30 நாட்களும் சான்று திரட்டல் முடியும் திகதிக்குள் அடங்க வேண்டும். செப்டெம்பர் 30இல் முடிகிறது என்றால் செப்டெம்பர் நடுவில் அனுப்பும் கோரிக்கைக்குப் பதிலளிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். வினாக்கள் உபவினாக்களுடன் சேர்த்து 25ஐத் தாண்டக் கூடாது. எதிர்த்தரப்பிடமிருந்து 'இதை ஒப்புக்கொள்கிறீரா' என்ற கோரிக்கைகள் வந்தால், 30 நாட்களுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் அவை ஒப்புக்கொள்ளப்பட்டவையாகிவிடும். வேறு எதைப் பிற்போட்டாலும் இதைப் பிற்போடக் கூடாது.

டெப்போசிஷன் எனப்படும் முன்வாக்குமூலம், சத்தியத்தின் மீது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேள்வி கேட்கப் பதிலளிப்பது. அதற்கு ஒரு நாளில் 7 மணித்தியாலம் வரை அனுமதி உண்டு. தரப்பினர் இணங்கினாலோ நீதிபதி கட்டளையிட்டாலோ காணொளி வழியாக நடத்தலாம். கலிபோர்னியாவில் காலை 9 மணிக்குத் தொடங்கினால் இங்கே இரவு 9.30 அல்லது 10.30 ஆகும், விடியும்வரை விழித்திருந்து கூறும் பதிலில் பிழை நேர்வது இயல்பு என்பதால், இரு நாட்களாகப் பிரிக்கும்படி முன்கூட்டியே கேட்பது நியாயமானது.

சத்தியக்கடதாசிக்காகச் சமாதான நீதவானையோ கொழும்பிலுள்ள தூதரகத்தையோ தேடிச் செலவழிக்க வேண்டியதில்லை. 'மேற்கூறியது உண்மையும் சரியுமானது என அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின் கீழ், பொய்ச்சத்தியத்துக்குரிய தண்டனைக்கு உட்பட்டு அறிவிக்கிறேன்' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதி, திகதியிட்டுக் கையொப்பமிட்டால், வெளிநாட்டில் எழுதிய கூற்றையும் அந்நாட்டுச் சட்டம் ஏற்கிறது. 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின் கீழ்' என்ற சொற்கள் வெளிநாட்டிலிருந்து எழுதுபவருக்குக் கட்டாயமானவை. தாயோ சகோதரனோ தமிழில் எழுதிய கூற்றானால், மொழிபெயர்ப்பையும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியையும் இணைக்க வேண்டும். குடும்பத்தவர் தட்டச்சு செய்து உதவலாம். ஆனால் வழக்காளிக்காக அவர்கள் கையொப்பமிட முடியாது.

ஒரு திகதிக்குள் முடிக்க இயலாது என்று தெரிந்தால், அது கடப்பதற்கு முன்னர் நீடிப்புக் கேட்க வேண்டும். அட்டவணையை மாற்றத் தக்க காரணமும் நீதிபதியின் சம்மதமும் தேவை. நீதிபதி முதலில் பார்ப்பது வழக்காளி முயற்சியுடன் செயற்பட்டாரா என்பதையே. ஆகவே மனுவில் எந்தத் திகதி, இதுவரை என்ன செய்தோம், ஏன் முடியவில்லை, எந்தப் புதிய திகதி வேண்டும், எதிர்த்தரப்பு சம்மதிக்கிறதா என்பவற்றை எழுதி, தபால் உறைகளின் முத்திரைப் பிரதிகளை இணைக்க வேண்டும். திகதி கடந்தபின் கேட்பவர், தவறியதற்கு மன்னிக்கத்தக்க காரணத்தையும் நிறுவ வேண்டியிருக்கும்.

விசாரணை நெருங்கும்போது, நீதிமன்றம் வேறு திகதி குறிக்காவிட்டால், 30 நாட்களுக்கு முன்னர் சாட்சிப் பட்டியலும் ஆவணப் பட்டியலும் கொடுபட வேண்டும். எதிர்த்தரப்பின் பட்டியலுக்கான ஆட்சேபனைகளுக்கு 14 நாட்கள் உண்டு. விசாரணையில் எவை இடம்பெறும் என்று நிர்ணயிக்கும் இறுதி முன்விசாரணைக் கட்டளையில் இடம்பெறாத கோரிக்கையும் சாட்சியும் பின்னர் நுழைவது மிகக் கடினம். வெளிப்படையான அநீதியைத் தவிர்ப்பதற்காக மட்டுமே அந்தக் கட்டளை மாற்றப்படும். நாடு கடத்தப்பட்டவருக்கு மீண்டும் அமெரிக்கா செல்ல அனுமதி கிடைக்காமல் போகலாம். திறந்த மன்றில் காணொளி வழியாகச் சாட்சியமளிக்க, கட்டாயமான சூழ்நிலையில் தக்க காரணம் காட்டினால் 43ஆம் விதி இடமளிக்கிறது. அந்த மனுவை, பயண அனுமதி மறுக்கப்பட்டதற்கான கடிதம் கையிலிருந்தால் அதையும் இணைத்து, இறுதி முன்விசாரணை மாநாட்டுக்கு முன்னரே தாக்கல் செய்துவிட வேண்டும்.