நிமோனியாவுக்குப் பிறகு மறுபடி நடக்க

வயதான காலத்தில் நிமோனியா வந்து படுத்தால் முதலில் கரைவது தொடைச் சதைதான். எனக்கும் அப்படித்தான். காய்ச்சல் போன பிறகும் மூச்சு வாங்குமோ என்ற பயம் போகவில்லை. அதனால் நடையில் தொடங்காதீர்கள், நாற்காலியில் தொடங்குங்கள்.

டாக்டர் சரி என்றதும், ஆடாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைச் சற்றுப் பின்னிழுத்து, முன்னால் சாய்ந்து எழுங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குங்கள். தொடைக்கு உண்மையான வேலை அதில்தான். காலைக் காபிக்கு முன்னால் என்று வைத்துக்கொண்டால், மனசு வருகிறதா என்று யோசிக்க இடமே இருக்காது.

அப்புறம் தெருமுனை வரை. பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. வாக்கியம் பாதியில் அறுந்தால் நின்றுவிடுங்கள். என்னோடு எதிர்வீட்டு அக்கா வருவார். அவர் வாசலில் நின்று கூப்பிடும்போது எப்படி மறுப்பது?

உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 நிமிடம் என்கிறது. அது பிற்பாடு பார்க்க வேண்டிய கணக்கு. இப்போது ஐந்து நிமிடம் போதும். தெம்பு வந்ததும் நாங்கள் வேலூர்க் கோட்டைக்குள் போனோம், ஜலகண்டேஸ்வரரையும் பார்த்த மாதிரி ஆயிற்று. சித்திரை, வைகாசியில் மட்டும் வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே உட்கார்ந்து உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். வலி நிற்காவிட்டால் 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.