கதையில் குயிலைக் கூவவிடும் முன்: பாடும் பறவைகள் பற்றிய தவறுகள்

கதை, கவிதை எழுதுகிறவர்களுக்குப் பறவை என்றால் ஒரு சௌகரியம். காதல் வந்தால் குயில், விடுதலை வேண்டுமென்றால் வானம்பாடி, குடும்பப் பாசத்துக்குத் தூக்கணாங்குருவி என்று பட்டியல் தயாராக இருக்கிறது. அந்தப் பறவை எங்கே இருக்கும், எப்போது பாடும், ஏன் பாடும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் குறியீடு கெட்டுப்போகும் என்று ஒரு பயம் போல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விவரம் சரியாக இருக்கும் இடத்தில்தான் குறியீடும் நிற்கிறது.

முதலில் குயில். “பெண்குயில் ஏக்கத்தோடு கூவியது” என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். நாம் கேட்கிற அந்தக் ‘கூ... கூ’ ஆண் குயிலுடையது. உடம்பு பளபளக்கும் கறுப்பு, கண் மட்டும் சிவப்பு, அதுதான் ஆண். பெண் பழுப்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளியும் கோடும். நேரில் பார்த்தால் குயில் என்றே பலருக்குத் தெரியாது. பெண்ணும் சத்தம் போடும், ஆனால் கிக்-கிக்-கிக் என்று அவசர அவசரமாக. அதை இனிமை என்று சொல்ல மனசு வராது.

இந்தத் தவறு நேற்று வந்ததும் இல்லை. ஐங்குறுநூற்றிலேயே ‘குயிற்பெடை இன்குரல் அகவ’ என்று வருகிறது. பாரதியின் குயில் பாட்டில் காதலைப் பாடுவதும் பெண்குயில்தான். ஐரோப்பாவிலும் இதே கூத்து: ஃபிலோமெலா என்ற பெண் நைட்டிங்கேலாக மாறினாள் என்ற பழங்கதையைப் பிடித்துக்கொண்டு, இரவெல்லாம் அழுது பாடுவது பெண் பறவை என்று நூற்றாண்டுக்கணக்கில் எழுதினார்கள். அங்கேயும் நடு இரவில் விடாமல் பாடுவது பெரும்பாலும் ஜோடி கிடைக்காத ஆண்தான். பாரதியைத் திருத்தச் சொல்லவில்லை, அது கனவு, அந்தக் குயிலுக்கு முற்பிறப்பெல்லாம் இருக்கிறது. ஆனால் நம் தெரு, நம் கொல்லை மாமரம் என்று யதார்த்தமாக எழுதிக்கொண்டு போகும்போது கூவுகிற வேலையை ஆணிடமே கொடுத்துவிடலாம், ஏக்கம் ஒன்றும் குறையாது. மாந்தளிரைக் கோதித் தின்று குரல் இனிக்கிறது என்ற வர்ணனையையும் பார்த்துப் பயன்படுத்துங்கள், குயில் முக்கியமாகப் பழந்தின்னி. ஆலும் அத்தியும் பழுத்த மரத்தில்தான் அதைத் தேட வேண்டும்.

அடுத்தது பருவம். “கோடையில் குயில் வந்துவிட்டது” என்பார்கள். அது எங்கேயும் போகவில்லை, பெரும்பாலும் ஆண்டு முழுக்க இங்கேயேதான் இருக்கிறது, குளிர்காலத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். மாசி, பங்குனியில் கூவ ஆரம்பித்தால் முட்டையிடும் காலம் முடியும்வரை ஓயாது. ஐங்குறுநூற்றில் அது வருவது இளவேனிற் பத்தில், காத்திருக்கும் தலைவியின் பேச்சில்: பருவம் வந்துவிட்டது, வருகிறேன் என்று சொன்னவர் வரவில்லை. அதாவது பழைய கவிதையில் குயிலின் குரல் சந்தோஷத்தின் அடையாளம் இல்லை, கெடு தாண்டிவிட்டதைச் சொல்லும் குரல். அதை ஐப்பசி அடைமழைக் காட்சியில் டூயட்டுக்குப் பின்னணியாக வைத்தால் பருவமும் போயிற்று, பொருளும் போயிற்று.

“திருப்பாவையில் மார்கழியிலேயே குயிலினங்கள் கூவுகின்றனவே” என்று கேட்பீர்கள். சரிதான், குளிர்காலத்தில் எப்போதாவது கூவத்தான் செய்யும். ஆனால் அதே திருப்பாவையில் ‘கீசு கீசு’ என்று பேசும் ஆனைச்சாத்தனைப் பாருங்கள். உரைகாரர்கள் அதை வலியன் என்கிறார்கள், நாம் கரிச்சான், இரட்டைவால் குருவி என்று சொல்வது. இருட்டு பிரிவதற்கு முன்பே குரல் கொடுக்கும் பறவைகளில் அது ஒன்று. விடிந்ததைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான பறவை கிடைக்காது.

குயிலும் காக்கையும் பற்றிய இன்னொரு தவறு இறக்குமதிச் சரக்கு. ஐரோப்பியக் குக்கூவின் குஞ்சு, கண் திறக்கும் முன்பே வளர்ப்புத் தாயின் முட்டைகளை முதுகால் உருட்டி வெளியே தள்ளும். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு நம் குயிலையும் கொலைகாரக் குஞ்சாக்கி எழுதுகிறார்கள். நம் ஊர்க் குயில் குஞ்சு பொதுவாக அப்படிச் செய்வதில்லை. சில நாள் முன்னால் பொரிந்துவிடுவதால் இரையில் பங்கு அதிகம் வாங்கிக்கொள்ளும். காக்கைக் குஞ்சுகளும் கூடவே வளர்வதுண்டு. துரோகக் கதை எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் நல்ல விஷயம் என்று நினைக்கிறேன். ஒரே கூட்டில், ஒரே தாய் ஊட்ட, இரண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. விலங்கியல் கணக்கில் குயில் பாடும் பறவையே கிடையாது, காக்கைதான் பாடும் பறவை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும் குரல் உறுப்பின் தசையமைப்பும், பாட்டைக் கேட்டுக் கற்றுக்கொள்வதும் அந்தப் பிரிவுக்கு அடையாளம். குயில் கற்றுக்கொள்வதில்லை. காக்கையின் கரைதலைக் கேட்டு வளர்ந்தும் குயிலாகவே கூவுகிறது.

தூக்கணாங்குருவிக்கு வருவோம். தாய்க்குருவி குஞ்சுகளுக்காகப் பார்த்துப் பார்த்துப் பின்னிய கூடு என்று பள்ளிக்கூடக் கட்டுரைகளில் வரும். பின்னுவது ஆண். பாதி பின்னியதும் பெண் வந்து பார்க்கும், பிடிக்கவில்லை என்றால் போய்விடும், பிடித்தால்தான் நீளமான வாசல் குழாயெல்லாம் வரும். பெண் அடைகாக்க உட்கார்ந்ததும் ஐயா அடுத்த கூட்டை ஆரம்பித்து வேறொரு ஜோடி தேடுவார். லட்சியக் குடும்பத்துக்கு உதாரணமாக வைக்கும் முன் யோசியுங்கள். கூட்டுக்குள் மின்மினியைக் களிமண்ணில் ஒட்டி விளக்கேற்றும் என்பதும் கதைதான். களிமண் இருப்பது உண்மை, காற்றில் கூடு ஆடாமல் இருக்க என்கிறார்கள். ஆனால் மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லிக் கூட்டை இழந்த கதை இருக்கிறதே, அதைச் சொன்னவர் விஷயம் தெரிந்தவர். அது கூடு கட்டுவது மழையை ஒட்டித்தான்.

வானம்பாடியைக் காட்டுமரக் கிளையில் உட்கார வைப்பது இன்னொன்று. அது புல்வெளி, தரிசு, மேய்ச்சல் நிலத்துப் பறவை. பாடிக்கொண்டே மேலேறும், கூடு மட்டும் தரையில், மண்கட்டிக்கோ புல்தூருக்கோ பக்கத்தில், ஆடு மிதித்துவிடக்கூடிய இடத்தில் இருக்கும். 1970களில் கோவையிலிருந்து ஒரு கவிதை இயக்கமே இந்தப் பெயரில் கிளம்பியது. பெயருக்கு இருந்த மதிப்பு நிலத்துக்கு இல்லை. ‘சும்மா கிடக்கிற பொட்டல்’ என்று மரக்கன்று நட்டுப் பசுமையாக்கினால், மரம் வளர வளர வானம்பாடி இடத்தைக் காலி செய்துவிடும்.

சிட்டுக்குருவியை எப்படி எழுதலாம் என்பதற்குக் குறுந்தொகை 46ஆம் பாட்டைப் பாருங்கள். வாடிய ஆம்பல் பூப் போன்ற சிறகு. முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைத் தின்கிறது, மன்றத்தில் கிடக்கும் எருவின் பொடியில் புரண்டு குளிக்கிறது, பொழுது சாய்ந்ததும் வீட்டுக் கூரையின் இறவாரத்தில் குஞ்சோடு ஒண்டிக்கொள்கிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, அவர் போன நாட்டில் இந்த மாலைப்பொழுதும் தனிமையும் இல்லையோ தோழி என்று தலைவி கேட்கிறாள். குருவிக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வார்த்தை கிடையாது. 85ஆம் பாட்டில் ஆண் குருவி முட்டையிடப் போகும் பேடைக்காகக் கரும்பின் வெண்பூவைக் கோதி எடுக்கிறது. அந்த ஊர்த் தலைவனின் அன்போ, அவனுக்காகத் தூது வரும் பாணன் வாயில் மட்டும்தான் இருக்கிறது. குத்தல் புரிகிறதா?

அந்த முற்றமும் இறவாரமும்தான் இன்றைக்குக் குருவி குறைந்ததன் காரணத்தையும் காட்டுகின்றன. செல்போன் கோபுரம்தான் குருவியை அழித்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கூடு வைக்கச் சந்து இல்லாத கட்டிடம், குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லாத தெரு, இவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. 2020இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஓரளவு நிலையாக இருக்கிறது, சென்னை போன்ற பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. ‘அழிந்துபோன இனம்’ என்று கண்ணீர்க் கவிதை எழுதும் முன் பஸ் ஏறிப் பக்கத்துக் கிராமத்துக்கு ஒரு நடை போய்வரலாம்.

அப்படிப் போகும்போது போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள், கூடு கட்டும் காலத்தில் கண்டிப்பாக வேண்டாம். நம் பாட்டை ரசிக்க அது வருவதில்லை. தன் இடத்தில் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டது என்று சண்டைக்கு வருகிறது, அந்த நேரத்துக்கு இரை தேடுவதும் காவலும் நின்றுபோகிறது.