கோழிக்குஞ்சுகளின் ரத்தக் கழிச்சல்: ஆம்ப்ரோலியம் கொடுக்கும் முறை

மூன்று முதல் ஆறு வார வயதுக் குஞ்சுகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நிற்கின்றன, கூளத்தில் ரத்தம் கலந்த எச்சம் கிடக்கிறது என்றால் ரத்தக் கழிச்சலைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதே செத்த குஞ்சைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குருட்டுக்குடல் இரண்டும் உப்பி, உள்ளே ரத்தம் தேங்கியிருந்தால் அது ஐமீரியா டெனெல்லா என்ற ஓரணு ஒட்டுண்ணியின் வேலை. அதற்குக் கொடுக்கும் மருந்துதான் ஆம்ப்ரோலியம். எச்சம் பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்து, கழுத்துத் திருகலும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் வெள்ளைக்கழிச்சல் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதற்கு ஆம்ப்ரோலியம் எந்தப் பயனும் தராது.

மருந்துப் பொட்டலத்தில் எத்தனை சதவீதம் என்று முதலில் பாருங்கள். 20% தூளானால் ஒரு லிட்டர் குடிநீருக்கு 0.6 கிராம், 9.6% திரவமானால் 1.25 மில்லி. இரண்டிலும் தண்ணீரில் 0.012% மருந்து இருக்கும். இதை 3 முதல் 5 நாள் கொடுக்க வேண்டும். சாவு அதிகமாக இருந்தால் மருத்துவர் அளவை இரட்டிப்பாக்கி, தூளை லிட்டருக்கு 1.2 கிராமாகச் சொல்லலாம். அதன்பின் 0.3 கிராமாகக் குறைத்து ஒன்று அல்லது இரண்டு வாரம் தொடர வேண்டும். கழிச்சல் நின்றதும் மருந்தையும் நிறுத்திவிட்டால் கூளத்தில் கிடக்கும் ஒட்டுண்ணி முட்டைகளால் நோய் திரும்பும்.

குஞ்சுகள் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்று அளந்துகொள்ளுங்கள். 100 குஞ்சுகள் 8 லிட்டர் குடித்தால் நாளொன்றுக்கு 4.8 கிராம் தூள் போதும். தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சிறு எடைக்கருவி வாங்கிக்கொள்வது நல்லது. தூளை முதலில் ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, பிறகு முழு அளவோடு கலக்குங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கொட்டகையில் வேறு தண்ணீர் எதுவும் இருக்கக் கூடாது; மழைநீர் தேங்கிய குழிகூட மருந்தைக் கெடுத்துவிடும். நோயுற்றவற்றுக்கு மட்டுமல்ல, கூட்டம் முழுவதற்கும் கொடுங்கள். தலை தூக்கக்கூட முடியாத குஞ்சு தானாகக் குடிக்காது. அதைத் தனியே பிரித்து அதே மருந்துத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்ட வேண்டும்.

மருந்து கொடுத்தும் கேட்கவில்லை என்று பலரும் சொல்வதற்கு ஒரு முக்கியக் காரணம், தெம்புக்காக அதே தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ் ஊற்றுவது. ஆம்ப்ரோலியம் உருவத்தில் தயமினை, அதாவது வைட்டமின் பி1-ஐ ஒத்தது. ஒட்டுண்ணிக்குத் தயமின் போய்ச் சேராமல் தடுத்துத்தான் அதன் பெருக்கத்தை நிறுத்துகிறது. நாமே பி1 ஊற்றினால் மருந்தின் வேலை பாழாகிறது. சிகிச்சை முடிந்த பிறகு பி காம்ப்ளெக்ஸ் கொடுக்கலாம். சிகிச்சையின்போது வைட்டமின் ஏ, கே கொடுப்பதில் தவறில்லை. ரத்த இழப்புக்குக் கே உதவும்.

கூளத்தில் ஈரம் குறையாமல் எந்த மருந்தும் முழுப் பலன் தராது. எச்சத்தோடு வெளிவரும் முட்டைகள் வெதுவெதுப்பும் ஈரமும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பண்ணைகளில் இந்நோய் பெருகுவது அதனால்தான். தண்ணீர்த் தட்டுகளைச் சுற்றியுள்ள நனைந்த கூளத்தை அன்றாடம் அள்ளி அப்புறப்படுத்தி, காய்ந்த உமி போடுங்கள். மீதியைக் கிளறிவிட்டுச் சுண்ணாம்பு தூவலாம். தட்டின் விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்தில் இருந்தால் தண்ணீர் சிந்தாது. வழக்கமான கிருமிநாசினிகளுக்கு இந்த முட்டைகள் எளிதில் சாவதில்லை. கொட்டகை காலியானதும் சிமென்ட் தரையைத் தீச்சுடரால் சுடுவது நம்பத்தக்க வழி.

மூன்று நாளாகியும் சாவு குறையவில்லையா? ஆம்ப்ரோலியத்துக்கு அவ்வளவாகக் கட்டுப்படாத ஐமீரியா இனங்களும் உண்டு. எச்சத்தைப் பரிசோதித்து, டோல்ட்ராசூரில் போன்ற வேறு மருந்துக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மனிதர் உண்ணும் முட்டையிடும் கோழிகளுக்கு டோல்ட்ராசூரில் கூடாது. இறைச்சிக்கு விற்கும் முன் எத்தனை நாள் மருந்தை நிறுத்த வேண்டும் என்பது அந்தந்த மருந்தின் சீட்டில் இருக்கும். அதற்கு முன் விற்காதீர்கள்.