'ரன்' என்றால் ஓடுவது மட்டுமா?

ஆங்கிலத்தில் 'ரன்' என்றதும் ஓடுவது என்று மனப்பாடம் செய்துவிடுகிறோம். அப்புறம் 'ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்' என்று படித்தால் குழம்பிப்போகிறோம். அவர் ஓடவில்லை, பள்ளி நடத்துகிறார்.

இதற்கு நம் 'ஓடு' பாதி வழி கைகொடுக்கும். பேருந்து ஓடுகிறது, இயந்திரம் ஓடுகிறது, படம் 100 நாள் ஓடியது: இந்த மூன்றுக்குமே ஆங்கிலத்திலும் 'ரன்' தான். தமிழில் ஓடாத இடங்களில்தான் கவனம் வேண்டும். மூக்கு 'ரன்' ஆனால் ஒழுகுகிறது. துணியின் கலர் 'ரன்' ஆனால் சாயம் போகிறது. தேர்தலில் ஒரு பதவிக்கு 'ரன்' செய்தால் போட்டியிடுகிறார் என்று பொருள். எனவே முதலில் எது 'ரன்' ஆகிறது, எதை 'ரன்' செய்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

அடுத்து, பின்னால் ஒட்டி வரும் சின்னச் சொல். உண்மையில் இதுதான் அதிகம் ஏமாற்றும். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் தீர்ந்துபோவது. நேரம், பணம், பொறுமை எல்லாவற்றுக்கும் வரும். 'ரன் இன்டு' ஒரு நண்பரோடு வந்தால் தற்செயலாகச் சந்திப்பது, சுவரோடு வந்தால் மோதுவது!

சரி, எப்படி நினைவில் வைப்பது? நோட்டில் 'ரன்' என்று தனியாக எழுதாமல், 'ரன் எ ஸ்கூல் - பள்ளி நடத்து' என்று ஜோடியாக எழுதுங்கள். நாளுக்கு 2 ஜோடி போதும். 'கெட்', 'செட்', 'டேக்' ஆகியவற்றுக்கும் இப்படியே செய்யலாம்.