மதிப்பீட்டுத் திட்டம் போடப் பயிற்சி கொடுப்பது எப்படி: ஒரு விடைத்தாள் கட்டிலிருந்து தொடங்குங்கள்

கடலூரில் ஓர் இணைப்புக் கல்லூரியில் நான் வேதியியல் நடத்துகிறேன். ஆறு வருடமாக உள்தர உறுதிப் பிரிவின் வேலையும், அதாவது ஐ.க்யூ.ஏ.சி. பொறுப்பும், என்னிடம் இருக்கிறது. இந்தப் பொறுப்புக்கு வருகிற யாருக்கும் ஒரு வேலை தவறாமல் வந்து சேரும். ஆசிரியர்களையும் அலுவலர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, 'மூன்று வருடம் நம்மிடம் படித்த பிள்ளை உண்மையில் என்ன கற்றுக்கொண்டது என்று எப்படித் தெரிந்துகொள்வோம்?' என்பதற்குத் திட்டம் போடக் கற்றுக்கொடுக்க வேண்டும். எனக்குப் பலன் தந்த வழியைச் சொல்கிறேன்.

நான் நடத்திய முதல் பயிற்சி முழுக்க ஸ்லைடுதான். 1994-இல் நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) தொடங்கியது, 1956-இல் கல்வியாளர் ப்ளூம் வகுத்த அறிவு நிலைகள், 2001-இல் அது திருத்தப்பட்டது, அந்த நிலைகளைக் குறிக்க வினாத்தாளில் நாம் போடும் கே1 முதல் கே6 வரை எல்லாவற்றையும் விளக்கினேன். மதியம் எல்லோரும் சி.ஓ., பி.ஓ. மேப்பிங் அட்டவணையில், அதாவது ஒவ்வொரு பாட விளைவும் மொத்தப் படிப்பின் விளைவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அட்டவணையில், 1, 2, 3 என்று நிரப்பிக் கொடுத்தார்கள். கோப்பு அழகாக இருந்தது. அடுத்த பருவத்தில் அதே பாடத்தை அதே மாதிரிதான் நடத்தினோம். அட்டவணையை நிரப்பச் சொல்லிக்கொடுத்திருந்தேனே தவிர, பிள்ளைகள் எழுதியதைப் படித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது என் தவறு.

இப்போது நடத்துவது இரண்டு அரைநாள் பயிற்சி, நடுவில் ஒரு வாரம் இடைவெளி. ஜூன் கடைசி அல்லது ஜூலை தொடக்கம் சரியான நேரம். எங்கள் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எந்தத் தேதியையும் நம்பி வைக்க முடியாது. 2011 டிசம்பர் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. காலை பத்து மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடித்துவிடுங்கள். பண்ருட்டியிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்களிடம் மாலை வரை அதே கவனத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஒரு துறையை மட்டும் அழையுங்கள். ஐந்தாறு ஆசிரியர்கள், ஆய்வக உதவியாளர், தேர்வுப் பிரிவு எழுத்தர், முடிந்தால் நூலகர். அலுவலர்கள் சுவரோரம் இல்லாமல் அதே மேசையில் உட்கார வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. காரணம் இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

தொடங்கும்போது முதல்வர் பத்து நிமிடம் வந்து ஒரு வாக்குறுதி கொடுக்க வேண்டும்: இங்கே தெரியவருவது எந்த ஆசிரியருடைய பணி மதிப்பீட்டுக்கும் போகாது. சுற்றறிக்கையில் எழுதினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும். இந்தப் பயம் இருக்கும்வரை நல்ல தாள்களை மட்டும்தான் கொண்டுவருவார்கள். தற்காலிகப் பணியில் இருப்பவர்களுக்கு அந்தப் பயம் இன்னும் கூடுதல். அவர்கள் வாய்திறந்து பேசாவிட்டால் பயிற்சியே வீண், ஏனென்றால் முதலாண்டு வகுப்புகளில் பாதியை நடத்துவது அவர்கள்தான்.

முதல் அரைநாளுக்கு 20 விடைத்தாள்கள் போதும். பெயரையும் பதிவெண்ணையும் மறைத்துவிடுங்கள். நன்றாக எழுதியவர், நடுத்தரம், தோற்றவர் மூவகையும் இருக்க வேண்டும். எல்லாத் தாளிலும் ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் துறையில் எடுத்தது பர்மாங்கனேட் டைட்ரேஷன். பர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஆக்சாலிக் அமிலத்தை அளவிடுகிற அந்தச் சோதனையை வேதியியல் படித்த எல்லோரும் செய்திருப்பார்கள். சிவப்புப் பேனாவை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மதிப்பெண் கிடையாது. ஒவ்வொரு தாளுக்கும் 'இந்த மாணவருக்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும். அரைமணி நேரம் யாரும் பேசக் கூடாது.

எங்கள் அறையில் அந்த அரைமணியில் வெளிவந்தது இது. வெளிர் இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டும் என்பது அநேகமாக எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சூத்திரமும் தெரிந்திருந்தது. கரைசலை ஏன் 60–70 டிகிரிக்குச் சூடாக்குகிறோம் என்று கேட்ட பகுதியில், சூடில்லாவிட்டால் வினை மெதுவாக நடக்கும் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. கந்தக அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏன் கூடாது என்பதற்குப் பெரும்பாலும் பதிலே இல்லை. பர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், கணக்கு கெட்டுப்போகும் என்பதை நாங்கள் வருடாவருடம் சொல்கிறோம். ஆனால் அகமதிப்பீட்டில் அதே மாணவர்கள் 25-க்கு இருபதுக்குமேல் வாங்கியிருந்தார்கள். ரெக்கார்டு நோட்டு, வருகை, வைவா (வாய்மொழித் தேர்வு) எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை அது. 'இத்தனை சதவீத மாணவர்கள் இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல்' என்று கணக்கிடும் அட்டைன்மென்ட், அதாவது பாட விளைவை எட்டிய அளவு, அந்தக் கூட்டுத்தொகையிலிருந்துதான் வருகிறது. கணக்கில் பிழையில்லை, ஆனால் எங்கே கைவைக்க வேண்டும் என்று அது சொல்லாது. பயிற்சிக்கு வந்தவர்கள் இதைத் தங்கள் கண்ணால் பார்த்துவிட்டால் மிச்ச வேலை சுலபம்.

ஆய்வக உதவியாளர் பேசியது அதற்குப் பிறகுதான். "வகுப்புல முதல்ல முடிக்கிற ரெண்டு பேர் ரீடிங்தான் மேடம் ரூம் முழுக்கப் போகும்" என்றார். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தேர்வு நாளில் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அளவு கொடுப்போம், வாரவகுப்பில் எல்லோருக்கும் ஒரே கரைசல். வகுப்பில் சரியாகச் செய்த பிள்ளைக்குத் தேர்வில் அளவு விலகினால் பதற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதே கூட்டத்தில் தேர்வுப் பிரிவு எழுத்தரும், எங்கள் மாணவர்களின் அரியர் அதிகம் சேர்வது துணைப்பாடக் கணிதத்தில் என்று சொன்னார். நார்மாலிட்டி (கரைசலின் செறிவு) கணக்கில் தடுமாறுவதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. அலுவலர்களை மேசையில் உட்காரவைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

அடுத்தது பாட விளைவு வாக்கியங்கள். இணைப்புக் கல்லூரிகளில் இவை பாடத்திட்டத்தோடு பல்கலைக்கழகத்திலிருந்தே வந்துவிடும், நம்மால் மாற்ற முடியாது. 'அப்படியானால் நமக்கு என்ன வேலை?' என்று யாராவது கேட்பார்கள். அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே நம்முடைய ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். 'பருமனறி பகுப்பாய்வைப் புரிந்துகொள்வார்' என்று மேலே இருந்தால் (டைட்ரேஷன் அந்த வகைதான்), கீழே: 'தான் எடுத்த அளவைக் கொண்டு கணக்கிட்டு, ஒவ்வொரு படியையும் ஏன் செய்தோம் என்று இரண்டு வாக்கியத்தில் எழுதுவார்'. புரிதல் கண்ணுக்குத் தெரியாது, எழுதியது தெரியும். துறையினர் ஒரு வாரத்தில் இந்த வரிகளை எழுதிக்கொண்டு வரட்டும். இரண்டு விளைவுக்கு மட்டும். மொத்தப் பட்டியலையும் ஒரே வருடத்தில் அளக்க நினைத்தால் எதையும் உருப்படியாக அளக்க முடியாது. மூன்று வருடத்தில் சுற்றி வந்தால் போதும்.

இரண்டாம் அரைநாள் முழுக்க ரூப்ரிக், அதாவது விடையின் தரத்தைப் படிநிலைகளாக விவரிக்கும் அட்டவணை. நான்கு படிநிலை வைத்து, ஒவ்வொரு படியிலும் தாள் எப்படி இருக்கும் என்று விவரிக்க வேண்டும். எழுதி முடித்ததும் ஐந்து தாள்களை இருவர் தனித்தனியாகப் படித்துப் படிநிலை போடட்டும். வித்தியாசம் வந்தால் சராசரி எடுக்க வேண்டாம். ரூப்ரிக்கின் வார்த்தையில் குறை இருக்கிறது என்று பொருள், வார்த்தையை மாற்றுங்கள். தமிழ்த் துறைக்கு நடத்தியபோது ஒரு சங்கப் பாடல் விளக்கத்துக்கு ஒருவர் நான்காம் படியும் இன்னொருவர் இரண்டாம் படியும் போட்டார்கள். ரூப்ரிக்கில் 'நல்ல நடை' என்று இருந்தது. நல்ல நடை எது என்பதில் இருவருக்கும் நாற்பது நிமிடம் வாதம். கடைசியில் 'தன் கருத்துக்குப் பாடலிலிருந்தே ஒரு வரியைச் சான்று காட்டுகிறார்' என்று மாற்றினார்கள், அடுத்த தாளில் இருவரும் ஒரே படி. நேரம் போகிறதே என்று இந்த வாதத்தை நிறுத்திவிடாதீர்கள். ஒரு துறை தன் பாடத்தைப் பற்றி இவ்வளவு ஊன்றிப் பேசுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கருத்துக் கணிப்புப் படிவங்கள் இரண்டாம்நிலைச் சான்று, அதிக நேரம் வேண்டாம். அதைவிட, சிப்காட் தொழிற்சாலை ஆய்வகங்களில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் ஐந்து பேருக்குப் போன் செய்து, 'வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எது தெரியாமல் திணறினீர்கள்?' என்று கேளுங்கள்.

பிறகு திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதவையுங்கள். எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறோம், எந்தத் தாளிலிருந்து, எத்தனை தாள், யார் இருவர் படிப்பார்கள், எந்தத் தேதியில், முடிவெடுப்பது எந்தக் கூட்டத்தில். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் ஆள் பெயர். 'துறை' என்று எழுதினால் யாருமே செய்ய மாட்டார்கள். ஆய்வக உதவியாளருக்கும் எழுத்தருக்கும் தலா ஒரு வரி இருக்கட்டும்.

எங்கள் ஒரு பக்கத் திட்டத்தில் ஆய்வக உதவியாளரின் வரி, வாரவகுப்பிலும் நான்கு வெவ்வேறு செறிவில் கரைசல் தயாரித்து வைப்பது. அவரே சொன்ன யோசனை. குடுவைகளில் க, ச, த, ப என்று ஒட்டினார், செலவு எதுவும் இல்லை. பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு மணி நேரம் கூடிப் புதிய தாள்களைப் படித்தோம். அகமதிப்பீட்டு மதிப்பெண் குறைந்திருந்தது. அவரவர் அளவு அவரவருடையது என்பதால் கணக்கில் எங்கே தவறுகிறார்கள் என்று முதல்முறையாகத் தெரிந்தது. இப்படி மதிப்பெண் இறங்கலாம் என்று முதல்வரிடம் ஜூலையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். நாக் அமைப்புக்கு அனுப்பும் ஆண்டறிக்கையிலும் அதை மறைக்காமல், காரணத்தோடும் அடுத்த பருவத்தில் கணிதத் துறையோடு சேர்ந்து எடுக்கப்போகும் நான்கு கணக்கு வகுப்புகளின் தேதியோடும் எழுதுங்கள்.