பழைய கார்ல பிடிச்சுக்கிட்ட பால் ஜாயின்ட்டை கழட்டுறது எப்படி?

மாருதி 800, ஜென் மாதிரி பழைய வண்டி வச்சிருக்கீங்களா, குழியில இறங்கும்போது முன்பக்கம் டொக் டொக்னு சத்தம் வந்தா லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில வண்டியோட சேர்க்கிற கை) நுனியில இருக்கிற பால் ஜாயின்ட்டை (கிண்ணத்துக்குள்ள உருண்டை சுழலுற மூட்டு) கண்டிப்பா பாருங்க. புதுசு போடுறது பெரிய வேலையே இல்ல, பழசு வெளிய வராம அடம்பிடிக்கும் பாருங்க, அதுதான் வேலை.

முந்தின நாள் ராத்திரியே ஜாயின்ட்டு நக்கில்ல (சக்கரத்தை தாங்குற இரும்புத் துண்டு) சேர்ற இடத்துலயும் போல்ட்லயும் துருவை இளக்குற எண்ணெய் நல்லா அடிச்சு ஊற விட்டுடுங்க, காலையில பாதி சண்டை குறைஞ்சிருக்கும்.

சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு கட்டை கொடுத்து, வீல் நட்டை தரையில இருக்கும்போதே லூஸ் பண்ணிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்க. ரெண்டு பக்கமும் தூக்கி ஸ்டாண்டு மேல உட்கார வைங்க, ஒரு பக்கம் மட்டும் தூக்கினா ரெண்டு பக்க ஆர்மையும் இணைக்கிற ஸ்டெபிலைசர் பார் ஆர்மை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகவே போகாதீங்க. ஒரு விஷயம், சில வண்டியில ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேலயே உட்கார்ந்திருக்கும், அதுல முட்டு இல்லாம ஜாயின்ட்டை பிரிச்சா ஸ்பிரிங் தெறிச்சு உயிருக்கே ஆபத்து, புதுசா கத்துக்கிறவங்க அதுல கை வைக்க வேண்டாம்.

இப்போ உங்க ஜாயின்ட் எந்த வகைன்னு பாருங்க. மாருதில ஸ்டட் (ஜாயின்ட்ல இருந்து நீட்டிக்கிட்டு நக்கிலுக்குள்ள போற முளை) நேரா இருக்கும், நக்கில்ல ஒரு பிளவு, குறுக்க ஒரு போல்ட் இறுக்கிப் பிடிச்சிருக்கும். இந்த போல்ட்டை லூஸ் பண்ணா பத்தாது, முழுசா உருவணும், ஏன்னா அது ஸ்டட்ல இருக்கிற பள்ளம் வழியா போகுது, உள்ள இருக்கிற வரைக்கும் நீங்க எவ்ளோ இழுத்தாலும் வராது. போல்ட் வந்ததும் பிளவுல உளியை வச்சு லேசா தட்டி கொஞ்சமே கொஞ்சம் விரிங்க, ரொம்ப விரிச்சா நக்கில் காது (ஸ்டட் நுழையுற துளை இருக்கிற பகுதி) வெடிச்சிடும். அப்புறம் ஆர்ம் மேல நீளமான கம்பியை வச்சு கீழ அழுத்திக்கிட்டே நக்கில் காதை சுத்தியலால தட்டுங்க, இறங்கிடும்.

இன்னொரு வகை டேப்பர், அதாவது ஸ்டட் கூம்பு மாதிரி சரிஞ்சிருக்கும், ஸ்டியரிங் கம்பியோட நுனியான டை ராடு எண்ட்லயும் இதுதான் வரும். ஸ்பிளிட் பின்னை (நட்டு கழண்டுடாம குறுக்க போட்டிருக்கிற ஊசி) எடுத்துட்டு நட்டை லூஸ் பண்ணுங்க, ஆனா முழுசா கழட்டாம ரெண்டு மூணு புரி விட்டு வைங்க, டப்புனு விடும்போது ஆர்ம் பாய்ஞ்சு வராது. நட்டோட சேர்ந்து ஸ்டட்டும் சுத்துதா, ஆர்முக்கு அடியில ஜாக்கி வச்சு அழுத்தம் கொடுங்க, டேப்பர் உட்கார்ந்து பிடிச்சுக்கும். இங்கதான் நிறைய பேர் ஸ்டட் முனையிலயே அடிக்கிறாங்க, அடிக்க அடிக்க புரி நசுங்கும், ஜாயின்ட் அப்படியே இருக்கும். அடிக்க வேண்டியது ஸ்டட்டை இல்ல, அதை சுத்தி இருக்கிற நக்கில் காதோட பக்கவாட்டுல. கனமான சுத்தியலால ரெண்டு மூணு அழுத்தமான அடி, அந்த அதிர்ச்சியில துளை ஒரு நொடி கோணி டேப்பர் பிடியை விட்டுடும். அதுக்கும் வரலேன்னா புல்லர் (ஜாயின்ட்டை அழுத்தி வெளிய தள்ளுற கருவி) மாட்டி இறுக்கி வச்சுட்டு அதே இடத்துல மறுபடி அடிங்க. கவட்டை மாதிரி இருக்கிற பிக்கிள் ஃபோர்க்கும் கிடைக்கும், அது ஜாயின்ட் மேல இருக்கிற ரப்பர் உறையை கிழிச்சிடும், ஜாயின்ட்டை தூக்கிப் போடப் போறீங்கன்னா மட்டும் எடுங்க.

கேஸ் வச்சு சூடு காட்டலாம்னு தோணும், வேண்டாம், பக்கத்துலயே பிரேக் ஹோஸ், டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தை சுத்த வைக்கிற தண்டு) மேல இருக்கிற ரப்பர் உறை, கிரீஸ் எல்லாம் இருக்கு. ஜாயின்ட் பிரிஞ்சதும் நக்கிலை வெளிய ரொம்ப இழுக்காதீங்க, டிரைவ் ஷாஃப்ட் உள்பக்க ஜாயின்ட் கழண்டுடும்.

புதுசு போடும்போது டேப்பர்ல கிரீஸ் தடவாம துடைச்சு காய்ஞ்ச மாதிரி போடுங்க. ஸ்பிளிட் பின் துளை நேரா வரலேன்னா நட்டை பின்னாடி திருப்பாதீங்க, இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்க, பின்னும் புதுசா இருக்கணும். டார்க் அளவு (நட்டை எவ்ளோ இறுக்கணும்ங்கிற அளவு) வண்டிக்கு வண்டி மாறும், மேனுவல்ல பார்த்து டார்க் ரெஞ்சுல வைங்க. எல்லாம் முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் பார்த்துடுங்க.